காதர் பாயின் கிட்டாருக்கு இரண்டு கழுத்து

கிட்டார் ரிப்பேர் பழகுகிற நீங்கள், பழைய எலக்ட்ரிக் கிட்டாரின் அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். நெக்கு, அதாவது கழுத்து, தலைப்பக்கம் எத்தனை மில்லி அகலம், அதன் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் முதலாவதில் எத்தனை கனம், பன்னிரண்டாவதில் எத்தனை, கம்பி முறுக்கும் கீயின் துளை எவ்வளவு, எல்லாம் என்னிடம் இருக்கிறது. ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன சொத்து. ஆனால் அளவெல்லாம் சரியாக எடுத்து, வேலையும் சுத்தமாகச் செய்து, அப்படியும் என் தொழிலிலேயே பெரிய தப்பைச் செய்தவன் நான். தாளோடு அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்பத்தி நாலு, எண்பத்தஞ்சு வாக்கில் விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் என் கடை. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், இசைக்கருவிகள் ரிப்பேர், ஏழுமலை என்று போர்டு. வருவதில் முக்கால்வாசி ரேடியோதான். எலக்ட்ரிக் கிட்டார் என்று பார்த்தால் நம் சுற்றுவட்டாரத்தில் மொத்தமே ஐந்தோ ஆறோ இருந்திருக்கும். அது எது பழுதானாலும் என்னிடம்தான் வரும், வேறு போக்கிடம் இல்லை. அந்தச் சமயம் மெட்ராஸில் ஒரு வெர்னியர் வாங்கியிருந்தேன். கையில் எது கிடைத்தாலும் அளப்பேன். ஒரு நாள் தோசையின் கனத்தை அளந்துவிட்டு, நேற்றையதைவிட அரை மில்லி தடிமன் என்று என் மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கு இரண்டாவது தோசை வரவில்லை.

அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து தாமோதரன் வந்தார். மைக்செட் கடை வைத்திருந்தவர். கூடவே ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்திவந்தார். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் கூட்டம் சேர்க்கிற கச்சேரி, எல்லாம் உண்டு. அவரோடு எஸ்தர் டீச்சர் வந்திருந்தார். ஆரம்பப் பள்ளியில் வாத்தியார், சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். ஆள் உயரம் குறைவு, கை அதைவிடச் சின்னது. தாமோதரன் பெட்டியைத் திறந்து ஒரு கிட்டாரை எடுத்து வைத்தார்.

அமெரிக்காவில் செய்தது, அறுபதுகளின் சரக்கு. உடம்பில் பெயின்ட் அங்கங்கே உரிந்து மரம் தெரிந்தது. தலையில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ போய்விட்டது. அதே தலையில், கம்பிகளுக்கு நடுவில் யாரோ எரிகிற சிகரெட்டைச் சொருகி வைத்து வாசித்ததில் கருகிய தழும்பு ஒன்று இருந்தது. நெக்கைப் பிடித்துப் பார்த்தேன். உலக்கையைப் பிடித்த மாதிரி இருந்தது. வெர்னியரை வைத்தால் முதல் ஃப்ரெட்டுக்குப் பின்னால் இருபத்தைந்து மில்லி.

டீச்சருக்கு இது கைக்கு வரவில்லை, கொஞ்சம் சீவிக் கொடுங்கள் என்றார் தாமோதரன். டீச்சர் வாசித்துக் காட்டினார். விரல் சுத்தம், தாளம் சுத்தம், ஆனால் நாலாவது விரல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எட்டாமல் தவித்தது. கட்டைவிரல் பின்பக்கம் நழுவி நழுவிப் போனது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. நாலு மில்லி எடுத்தால் போதும். உள்ளே ஓடும் இரும்புக் கம்பிக்கு அடி படாது. எல்லாம் மனசில் கணக்குப் போட்டுவிட்டேன். முதலில் இருந்த அளவுகளையும் நோட்டில் இடம் இடமாக எழுதி வைத்தேன். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் கேட்டேன், ஒன்றைத் தவிர. இது யாருடைய கிட்டார் என்று கேட்கவில்லை. தாமோதரன் கொண்டுவந்தார், தாமோதரனுடையது. அவ்வளவுதான் என் புத்தி.

மூன்று நாளில் சீவி, தேய்த்து, மெருகு ஏற்றிக் கொடுத்தேன். டீச்சர் அதைக் கையில் வாங்கி ஒரு தடவை மேலும் கீழும் விரலை ஓட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அந்தக் குழுவுக்கு நல்ல காலம். ஒரு பொம்பளை லீட் கிட்டார் வாசிக்கிறார் என்று வல்லத்திலிருந்தும் வானூரிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். டீச்சரும் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கணக்குப் பரீட்சையைப் பார்வையிடுகிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட பாட்டையும் பிரித்து வைத்துவிடுவார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து நெக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலையில் தாமோதரன் கடைக்குள் வந்து கதவை லேசாகச் சாத்தினார். காதர் பாய் துபாயிலிருந்து லீவில் வருகிறாராம், கடிதம் வந்திருக்கிறதாம். காதர் பாய் யார் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

காதர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர், எலக்ட்ரீஷியன், டீச்சருக்கு முன்னால் அந்தக் குழுவில் கிட்டார் வாசித்தவர். ஆரோவில் பக்கம் வயரிங் வேலைக்குப் போனபோது அங்கே சிநேகமான ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன் கிட்டாரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பாய் துபாய்க்குக் கிளம்பும்போது, ஈரம் படாமல் பார்த்துக்கொள் என்று தாமோதரனிடம் விட்டுப் போயிருக்கிறார்.

"வாசிக்கறதுக்கு உட்டுட்டுப் போனாரா, வெச்சிக்கினு இருக்கறதுக்கா?" என்று கேட்டேன்.

"ஈரம் படாம பாத்துக்கச் சொன்னாரு. அதை மட்டும் கரெக்டா பாத்துக்கினேன்" என்றார் தாமோதரன்.

சீவின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. பாய் வருவதற்கு இருபது நாள் இருந்தது. தாமோதரனே வழியும் சொன்னார். பழைய அளவுதான் உன் நோட்டில் இருக்கிறதே, அதே மாதிரி இன்னொரு நெக்கு செய்து மாட்டு, பாய் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனதும் டீச்சரின் நெக்கைத் திரும்ப மாட்டிவிடலாம் என்றார். அந்த நிமிஷத்தில் கடிதம் எழுதி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ, என்னால் அப்படி ஒன்றைச் செய்ய முடியுமா என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. உங்களுக்கும் வரும். கையில் தொழில் இருக்கிறவனுக்கு வருகிற வியாதி அது. பயத்தைவிட அதுதான் என்னை அதிகம் கெடுத்தது.

மரம் மஞ்சக்கடம்பு. சீப்பும் ஸ்கேலும் செய்கிற மரம், மஞ்சளாக, நெருக்கமாக இருக்கும். பழைய அமெரிக்க மரத்தின் பக்கத்தில் வைத்தால் தங்கையா அக்காவா என்று கேட்கத் தோன்றும். நடுமுதுகில் ஓடும் கறுத்த பட்டைக்கு ஈட்டி மரம் கிடைத்தது. துளையில்தான் வந்தது பேஜாரு. அமெரிக்காக்காரன் கீயின் துளை எட்டே முக்கால் மில்லி. விழுப்புரத்தில் கிடைத்த டிரில் ஒன்று எட்டு, இல்லாவிட்டால் ஒன்பது. எட்டில் கீ நுழையாது, ஒன்பதில் கீ ஆடும். எட்டில் துளைத்து, ஆறு துளையையும் உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன். புது ஃப்ரெட் கம்பிகள் பளபளவென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் அவற்றைத் தேய்த்துப் பழசாக்க அரை நாள். மெருகுக்கு மேல் டீ டிகாஷன் பூசினேன்.

கடைசியில் அந்தச் சிகரெட் தழும்பு. எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது. டீக்கடையில் ஒரு பீடி வாங்கி, செதுக்கும்போது தப்பாகிப் போன கழிவு மரத்தில் சுட்டுப் பார்த்தேன். தழும்பு சின்னதாக விழுந்தது. சிகரெட்டாகவே வாங்கி வந்து, அது அணைந்துவிடாமல் இருக்க நானே இழுத்து இழுத்து, கண்ணெல்லாம் தண்ணீர் வழிய, அசல் இருந்த அதே இடத்தில் அதே சாய்வில் கருக்கினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி மோந்து பார்த்துவிட்டு, இது எத்தனை நாளாக என்று கேட்டாள். கிட்டாருக்காக என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

காதர் பாய் ஒரு காலை பத்து மணிக்கு நேராக என் கடைக்கே வந்துவிட்டார். கிட்டார் சர்வீசுக்காக விழுப்புரத்தில் இருக்கிறது என்று தாமோதரன் சொல்லியிருந்தார். நல்ல உயரம், பெரிய கை, சென்ட் வாசனை ஆளுக்கு முன்னால் உள்ளே வந்தது. எனக்கென்று ஒரு பேனா கொண்டுவந்திருந்தார். முன்பின் பார்த்திராத ஆளுக்கு. என் கிட்டாரைப் பார்த்துக்கொண்டவராயிற்றே என்றார். அந்தப் பேனாவை வாங்கிக்கொண்ட போது எனக்குக் கை கூசியது.

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். தலையில் இருந்த அந்தத் தழும்பை முதலில் விரலால் தடவினார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் வாசித்தார். ஆம்ப்ளிஃபயரில் போடக்கூட இல்லை, வெறும் கம்பிச் சத்தம்தான். சந்தில் போன இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"மூணு வருஷம் ஆச்சு ஏழுமல. அப்படியே கீது" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கம் அதற்கு அடுத்துத்தான் வந்தது. வரிசை மாறி வந்திருக்க வேண்டியது. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். துபாயில் ஒரு ஹோட்டலில் வயரிங் பார்க்கப் போனபோது, அங்கே வாசிக்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் தன் கிட்டாரைப் பற்றிப் பேசியிருக்கிறார். பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டில் அடித்த நம்பரை நம்பி வருஷம் சொல்ல முடியாது, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி நெக்கின் அடியைப் பார், செய்த ஆள் மாதமும் வருஷமும் பென்சிலால் எழுதியிருப்பான் என்று அவர் சொல்லியிருக்கிறார். காகிதத்தில் படம்கூடப் போட்டுக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாக அதை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன், கழற்றுங்கள், பார்த்துவிடலாம் என்றார் பாய்.

என் மஞ்சக்கடம்பின் அடியில் மரக்கடைக்காரன் சாக்பீஸால் போட்ட கோடு மட்டும்தான் இருந்தது.

முதலில் வாயில் வந்தது பொய்தான். ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கிறது பாய், இப்போது கழற்றினால் மரம் பிளந்தாலும் பிளந்துவிடும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பையைத் திறந்து, துரு இளக்கும் எண்ணெய் டப்பா ஒன்றையும் புத்தம்புது ஸ்க்ரூடிரைவர் ஒன்றையும் என் மேஜைமேல் வைத்தார். இதுக்குத்தான் வாங்கி வந்தேன் என்றார். சில நாளைக்கு முன்னால்தான் மாட்டிய ஸ்க்ரூவுக்கு எண்ணெய் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் துரு இளகுவதற்காகக் காத்திருந்தோம். என் ஆயுளில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷம் கிடையாது.

முதல் ஸ்க்ரூ வெண்ணெய் மாதிரி வந்தது. எண்ணெய் நல்ல எண்ணெய் என்றார் பாய். இரண்டாவதும் வந்தது. அவர் குனிந்து, குழந்தை மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். அதற்குமேல் என்னால் திருப்ப முடியவில்லை.

"பாய், இது உங்க நெக்கு இல்ல. நான் செஞ்சது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தழும்பைக் காட்டினார். அதுவும் நான் வைத்ததுதான் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தாமோதரன் பெயரையும் சொன்னேன், ஆனால் சீவியது என் கை, கேட்காதது என் வாய் என்று சேர்த்தே சொன்னேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் வேட்டியில் சுற்றி வைத்திருந்த அசலை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் முதலில் அடியைத்தான் பார்த்தார். அந்தப் பக்கம் என் உளி போகவில்லை. பென்சிலில் ஒரு மாதம், ஒரு வருஷம், இரண்டு எழுத்து. இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கோ உட்கார்ந்து ஒருவர் எழுதியது அழியாமல் இருந்தது. அதைப் படித்துக் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் முதுகில் கையை ஓட்டினார். சிரிப்பு நின்றது. கையை எடுத்து முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதுக்காகச் சீவினீர்கள் என்று கேட்காமல், யாருக்காக என்று கேட்டார். அப்படியே என்னைக் கிளப்பிக்கொண்டு, கிட்டாரையும் இரண்டு நெக்குகளையும் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார். விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்கி எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதை வாங்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கித் தின்றேன்.

தாமோதரனின் கடைக்கு மாடியில் ஒத்திகை நடக்கும் அறை. எங்களைப் பார்த்ததுமே தாமோதரனுக்குப் புரிந்துவிட்டது. பாய் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஒரு கடிதம் போட்டிருக்கக்கூடாதா என்று. நீ வேணாம்னு எழுதிட்டா இன்னா பண்றதுன்னுதான் போடலை என்றார் தாமோதரன். அதைவிட நேர்மையாக யாரும் குற்றத்தை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் விட்டு எஸ்தர் டீச்சர் வந்தார். அவருக்கும் எதுவும் தெரியாது, கிட்டார் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றுதான் தாமோதரன் சொல்லி வைத்திருந்தார். கிட்டார் குழுவுடையது என்றுதான் ஒன்றரை வருஷமாக நினைத்திருந்தார். கேட்டதும் தாமோதரனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என் கைக்குச் சரியா வரணும்னு இன்னொருத்தர் கைக்கு ஆகாமப் பண்ணிட்டீங்களே. இது யாருதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே."

இனி நான் இதைத் தொட மாட்டேன், சர்ச் கிட்டாரே எனக்குப் போதும் என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போய்விட்டார். காதர் பாய்தான் குறுக்கே போய் நின்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் டீச்சர், ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார். பறிகொடுத்தவர் கெஞ்சுகிறார், டீச்சர் முறைத்துக்கொண்டு நிற்கிறார். தாமோதரனும் நானும் சுவரோரமாக, பெஞ்சின் மேல் ஏற்றப்பட்ட பையன்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். அப்புறம் நான் கீழே உட்கார்ந்து அசல் நெக்கை மாட்டி, ஆறு கீயையும் பொருத்தி, கம்பி கட்டிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. எல்லோரும் டீ குடித்தார்கள். டீச்சர் கிட்டாரை வாங்கிக்கொண்டார்.

வாசித்தார். முதல் பாட்டு முறைத்துக்கொண்டே வாசித்தார். இரண்டாவதில் முறைப்பு போய்விட்டது. நடுவில் ஓர் இடத்தில் அவருடைய நாலாவது விரல் போய் விழுந்த தூரத்தைப் பார்த்து காதர் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும், இரண்டாவது பாட்டில் ஒரு கார்டில் விரல்களைத் தப்பாக வைக்கிறீர்கள் என்றார். டீச்சர் இல்லவே இல்லை என்றார். இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாய் எடுத்த முடிவு இது. ஊரோடு வந்துவிடும் வரைக்கும் கிட்டாரும் அசல் நெக்கும் டீச்சரிடம் இருக்கட்டும். மஞ்சக்கடம்பு நெக்கைத் தான் எடுத்துப் போவதாகச் சொன்னார். உடம்பு இல்லாத நெக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். துபாயில் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு ரூமில் எட்டுப் பேர், கிட்டார் வைக்க இடமும் கிடையாது, சத்தம் போடவும் முடியாது, விரல் மரத்துப் போகாமல் இருக்க இது போதும் என்றார். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார்.

அவரிடம் பிறகு பல தடவை மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவையும் பரவாயில்லை என்று சொன்னதில்லை. அதை அவர் சொல்லாததுதான் எனக்கு நல்லது செய்தது. அதற்கப்புறம் என் கடைக்கு எந்தக் கிட்டார் வந்தாலும், கொண்டுவந்தவருக்கு எரிச்சல் வரும் வரைக்கும் யாருடையது என்று கேட்டேன். ஒரு போலீஸ்காரரிடம்கூடக் கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார், போகட்டும். நீங்களும் கேளுங்கள். மரத்தைத் தொடுவதற்கு முன்னால் கேட்டால் அது கேள்வி. தொட்ட பிறகு கேட்டால் விசாரணை.

ஆறு மாதம் கழித்து துபாயிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் சாய்ந்து நெக்கை மார்மேல் வைத்துக்கொண்டு விரலை ஓட்டுவாராம். முதலில் ரூமில் இருந்தவர்கள் இவருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தார்களாம். அப்புறம் கீழ்க்கட்டிலில் இருந்த கேரளத்துக்காரர் ஒரு பாட்டைச் சொல்லி, அதை வாசியுங்கள் என்றாராம். இவர் வெறும் மரத்தில் விரலை ஓட்ட, அவர்கள் பாடினார்களாம். இப்போது தினமும் கச்சேரி, ஆளுக்கு ஒரு பாட்டு கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கட்டைவிரல் பக்கம் நெக்கு கொஞ்சம் புடைத்தாற்போல் இருக்கிறது, லீவில் வரும்போது பார்க்கலாம், ஜல்தி இல்லை என்றும் இருந்தது. கடிதம் இப்படி முடிந்தது:

"முந்தாநேத்து ஒரு பாட்டு நடுவுல கை வழுக்கி பக்கத்து ஃப்ரெட்ல போய் உழுந்துட்டது. கம்பியே இல்லை, ஒருத்தனுக்கும் தெரியலை, பாடிக்கினே இருந்தானுங்க. எனக்கு மட்டும் கேட்டுது ஏழுமல. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொன்னேன்."